விஜிதரன் பேருக்கு ஒரு படையல்

தனுஷியா ஒரே மனிதனுக்கு இரண்டு தரம் கழுத்தை நீட்டியவள். பழுகாமத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. சிரித்துவிட்டுப் போகட்டும், வாய் படைத்தவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்?

முதல் தாலியை அவள் கழற்றியது யுத்தம் முடிந்த வருடத்தில். வன்னியில் அகப்பட்டு, முகாமிலிருந்து விடுபட்டு வந்த மண்டூர்க்காரன் ஒருவன் ஒருநாள் வேலிக் கடப்படியில் வந்து நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. "அக்கா, விஜியண்ணன் முடிஞ்சிட்டார். நான் கண்ணால கண்டன். முகம் இல்ல. கழுத்தில கிடந்த தகட்டைப் பிரட்டிப் பாத்தன், அவர்ர நம்பர்தான்" என்றான். இயக்கத்தில் இருந்தவர்களின் கழுத்தில் இலக்கம் பொறித்த தகடு ஒன்று கிடக்கும். உடம்பு அடையாளம் தெரியாமல் போனாலும் ஆள் யாரென்று அது சொல்லிவிடும். தகடே சொன்ன பிறகு மேற்கொண்டு யாரை விசாரிப்பது? உடம்பு இல்லாமலே செத்தவீடு நடந்தது. எட்டுச் செய்தார்கள், முப்பத்தொன்று செய்தார்கள், அடுத்த சித்திரையில் திதி பார்த்துத் திவசமும் கொடுத்தார்கள். தனுஷியா அழ வேண்டியதையெல்லாம் அழுது முடித்தாள்.

பிறகு ஒரு மத்தியானம், வெயில் உச்சியில் நிற்கிற நேரம், செத்துப்போனவன் கையில் ஒரு சொப்பிங் பையோடு ஒழுங்கையால் நடந்து வந்தான். தடுப்பு முகாமிலும் புனர்வாழ்வு முகாமிலும் இருந்தேன் என்றான். கடிதம் போட்டேன் என்றான். போட்டிருக்க மாட்டான் என்றுதான் அவள் இன்றுவரை நினைக்கிறாள். அவளுடைய தாய் மருமகனின் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் காலைத்தான் பார்த்தாள், நிலத்தில் படுகிறதா என்று. ஐயரிடம் ஓடினார்கள். செத்தவனுக்குச் செய்கிறது அவருக்குத் தெரியும், செத்தவன் திரும்பி வந்தால் செய்கிறது தெரியாது. பாவம், யோசித்து யோசித்து, தலையில் தண்ணீர் வார்த்து அம்மன் கோயிலில் இன்னொரு தாலி கட்டுங்கள் என்றார். கட்டினார்கள். அடுத்த வருடமே ஒரு பெண்பிள்ளையும் பிறந்தாள். கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நல்லது!

எங்கே முடிந்தது? சித்திரை வந்தது, அந்தத் திதியும் வந்தது. "திவசத்தை நிப்பாட்டக்கூடா" என்றான் விஜிதரன்.

"உசிரோட இரிக்கிற மனிசனுக்கா? என்ன, பைத்தியமா உங்களுக்கு?"

"செய் தனு. வேற ஒண்டும் உன்னட்டக் கேக்கமாட்டன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், அதுதான் கொடுமை. அதற்குப் பிறகு அவன் எதையுமே கேட்டதில்லை. உடுப்புக் கேட்கமாட்டான், உப்புக் குறைந்தால் உப்புக் கேட்கமாட்டான். வயல் வட்டையில் வெள்ளாமை செய்தான், மகளைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனான், தொடையில் கிடக்கிற செல் குண்டுத் துண்டு குளிர்காலத்தில் குத்தினால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். வருடத்தில் ஒரு நாள் மட்டும் திவசம். வாழையிலையில் சோறும், முருங்கைக்காய் போட்ட இறால் ஆணமும் வேண்டும். இறால் பட்டாலே உடம்பெல்லாம் தடித்துப்போகிற மனிதன்! அவனுடைய திவசத்துக்கு அவன் வாயில் வைக்காத கறி எதற்கென்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

அவர்கள் வீட்டு வழக்கப்படி படையல் வைத்தால் செத்தவரின் பேரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட வேண்டும். பேர் சொல்லாமல் வைத்த சோறு வழியில் போகிற எதற்கோ போய்விடும் என்பார்கள். அவன் திரும்பி வந்த பிறகு வந்த முதல் திவசத்தில் தனுஷியாதான் கூப்பிட்டாள். வீட்டுக்குள் நின்று, "விஜிதரன், வாங்க, வந்து எடுத்துக்கங்க" என்று கூப்பிட, "ஓம்" என்று சொல்ல வேண்டியவன் மாமரத்தடியில் குந்திக்கொண்டு வாய் திறக்காமல் இலையையே பார்த்தான். அவளுக்கு மயிர்க்கால் எல்லாம் எழும்பி நின்றது. கட்டின புருசனை உயிரோடு வைத்துக்கொண்டு செத்தவனாகக் கூப்பிடுகிற வாயும் ஒரு வாயா? அடுத்த வருடம் மாட்டேன் என்றுவிட்டாள். அன்றிலிருந்து அவனே கூப்பிட்டான். தன் பேரைத் தானே, மெதுவாக, வயல் வரம்பில் தூரத்தில் நிற்கிற ஒருவனைக் கூப்பிடுகிற மாதிரி.

திவசம் ஒரு நாளோடு போய்விடும், மற்ற நாட்கள்தான் போகாது. மத்தியானம் மூன்று பேரும் பாயில் சாப்பிட இருந்தால் விஜிதரன் தன் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிற அளவு இடம் விட்டுத் தள்ளி இருப்பான். ஒருநாள் அவள் குசினியிலிருந்து சோற்றுப் பானையோடு வரும்போது, "கொஞ்சம் தள்ளி இரன்" என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. மகள் அப்போது பள்ளிக்கூடத்தில். யாரிடம் சொன்னான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம்.

இந்த வருடம் பொறுமை போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு வாயாடி, "உங்கட அப்பாக்கு அடுத்த கிழமை திவசமாமே, அவர் பேயா?" என்று மகளிடம் கேட்டிருக்கிறாள். பிள்ளை அழுதுகொண்டு வந்து, அன்றைக்கு இந்த வீட்டில் நிற்கமாட்டேன், குருக்கள்மடத்துச் சின்னம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றது. அந்த இடத்திலேயே தனுஷியா தீர்மானித்துப் புருசனிடமும் சொல்லிவிட்டாள். இனி விஜிதரன் என்ற பேர் எந்தப் படையலிலும் விழக்கூடாது. அவளுக்குப் புருசன் வேண்டும், முழுசாக, உயிரோடு.

அந்தக் கிழமைதான் றுமைஸா வந்தாள். ஏறாவூர் முஸ்லிம் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். முன்னாள் போராளிகளும் அவர்களின் குடும்பங்களும் எப்படி வாழ்கிறார்கள், நித்திரை வருகிறதா, மனம் நன்றாக இருக்கிறதா என்று வீடுவீடாகக் கேட்பது அவளுடைய வேலை. யுத்தம் முடிந்த நாளிலிருந்து இப்படிக் கேட்டு வந்தவர்களை வரிசையில் விட்டால் பட்டிருப்புப் பாலம் வரைக்கும் நிற்பார்கள். கோழிக்குஞ்சு கொடுத்தவர்கள், தையல் மெசின் கொடுத்தவர்கள், ஒன்றும் கொடுக்காமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள், சிவில் உடுப்பில் வந்து "சும்மா சுகம் விசாரிக்க வந்தம்" என்று பல்லைக் காட்டியவர்கள். ஆகவே தனுஷியா கதிரையைப் போட முதல், "உங்கள ஆர் மிஸ் அனுப்பின?" என்றுதான் கேட்டாள்.

ஒருத்தரும் அனுப்பவில்லை, இது படிப்புக்கான ஆய்வு, பேர் எங்கும் வராது, விருப்பமில்லாவிட்டால் எந்த நேரமும் நிறுத்தலாம் என்று அந்தப் பிள்ளை பொறுமையாக விளங்கப்படுத்தியது. பிறகு கேள்வி தொடங்கியது.

"போன ரெண்டு கிழமைக்குள்ள மனம் சோர்ந்து இரிந்தது எத்தின நாள் அக்கா? ஒருநாளும் இல்லையா, சில நாளா, பாதிக்கு மேலயா, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளுமா?"

"சோறாக்கின நாளெல்லாம் சோர்ந்துதான் இரிந்த மிஸ். அதுக்கு எதில புள்ளடி போடுவீங்க?"

றுமைஸா சிரித்துவிட்டாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "நீங்க சொல்லுங்க, நான் கேக்கிறன்" என்றாள். அவ்வளவுதான். இத்தனை வருடமும் ஒரு நாய் பூனைக்குச் சொல்லாததையெல்லாம் தனுஷியா கொட்டினாள். செத்தவீடு, இரண்டாம் தாலி, திவசம், பாயில் விடுகிற இடம், மகளின் அழுகை. கடைசியில் றுமைஸாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க படிச்ச ஆள். நீங்க சொன்னாக் கேப்பார். இந்த வருசம் வேணாமெண்டு ஒரு வார்த்தை சொல்லுங்க மிஸ்."

"எனக்குப் புத்தி சொல்ல அனுமதி இல்ல அக்கா. கேக்கத்தான் வந்த."

"அப்ப கேளுங்க!" என்றாள் தனுஷியா கோபமாக.

அடுத்த நாள் றுமைஸா விஜிதரனோடு மாமரத்தடியில் இருந்தாள். தனுஷியா குசினி ஜன்னலுக்குக் கீழே தேங்காய் திருவினாள். ஒட்டுக்கேட்டாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவளுடைய சீதன வீடு, அவளுடைய குசினி, அவளுடைய ஜன்னல். நித்திரை எப்படி என்று கேட்டால் "வரும்" என்றான். கோபம் வருமா என்றால் "இல்ல" என்றான். எதிர்காலத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றால், "இந்தமுறை வெள்ளாமை பரவாயில்ல" என்றான். கல்லில் நார் உரிக்கப் பார்க்கிறது இந்தப் பிள்ளை என்று தனுஷியா நினைத்துக்கொண்டாள்.

"அண்ணன், எனக்கு உங்கட சடங்கு ஒண்டும் தெரியா, பிழையாக் கேட்டா மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றாள் றுமைஸா. "இந்தத் திவசத்துக்கு வைக்கிற சாப்பாடு, அது ஆருக்கு வைக்கிற?"

ஊரில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? விஜிதரனின் திவசம், விஜிதரனுக்கு வைக்கிறார்கள், கிறுக்குப் பிடித்த மனிதன் என்று முடித்துவிட்டார்கள். கட்டின பெண்சாதிகூட ஏன் என்று கேட்டாளே தவிர, யாருக்கு என்று கேட்கவில்லை. திவசம் என்றால் என்னவென்று அறியாத ஒருத்தி வந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

விஜிதரன் கீழே கிடந்த மாவிலை ஒன்றை எடுத்து நரம்போடு கிழித்தான். பிறகு, "எனக்கில்ல" என்றான்.

"கடைசி நேரம் எங்களோட ஒரு பொடியன் நிண்டான். நம்மட பக்கத்துப் பொடியன்தான், பத்தொன்பது வயசு. தண்ணிக்குள்ளால வரக்குள்ள அவண்ட தகடு அறுந்து விழுந்திட்டு. புதுசு குடுக்க அப்ப ஆர் இரிக்கா? செல்லுக்குப் பயமில்ல அவனுக்கு. தகடு இல்ல எண்டதுதான் பயம். 'அண்ணே, நான் முடிஞ்சா எங்கம்மாட்ட ஆர் போய்ச் சொல்லுற? அவ பாத்துக்கொண்டே இருப்பாவே' எண்டு ஒரே அழுகை. அழுகைய நிப்பாட்டத்தான் எண்ட தகட்டைக் கழட்டி அவண்ட கழுத்தில போட்டன். 'இந்தா, இனி அழாத, சேதி எப்பிடியும் போகும்' எண்டன். அடுத்த நாள் முடிஞ்சான். பக்கத்திலதான் கிடந்தன், கையைப் பிடிச்சுக்கொண்டு. தகட்டைத் திரும்ப எடுக்க நினைவு வரல்ல மிஸ். ஓடிட்டன்." கையில் இருந்த மாவிலைத் துண்டுகளை உதறினான். "சேதி போனதுதான். எண்ட வீட்டுக்குப் போயிட்டு."

"அந்தப் பொடியனுக்கு எந்த ஊர் அண்ணன்?"

"பெரியகல்லாறு. நிதுர்ஷன் எண்டு பேர். இறால் எண்டா உசிர் அவனுக்கு."

ஜன்னலுக்குக் கீழே தேங்காய்ப் பாதி உருண்டு ஓடியது. தனுஷியா கையைக்கூடத் துடைக்காமல் வெளியே வந்தாள்.

ஏனென்றால் நிதுர்ஷனின் தாயை அவளுக்குத் தெரியும். பெரியகல்லாற்றுக் கண்ணகை! விஜிதரன் திரும்பி வந்த புதிதில், பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் எங்கெங்கோ இருந்தெல்லாம் வந்தார்கள். திவசம் கொடுத்த ஆளே வந்துவிட்டானாம் என்று கேள்விப்பட்டு, அவனைப் பார்க்க, தொட. அவன் தோளைத் தடவி, கையைத் தடவி, எங்கட பிள்ளையும் இப்படித்தான் ஒருநாள் வருவான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். காலப்போக்கில் மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். கண்ணகை மட்டும் நிற்கவில்லை. மீன் காயப்போட்டு விற்கிற தனிக்கட்டை மனுசி, மாதத்துக்கு ஒரு தடவையாவது பஸ் பிடித்துப் பாலம் தாண்டி, கருவாட்டுப் பையோடு வந்து நிற்பாள். முதல் நாள், "எண்ட மகனை எங்கயும் கண்டியா மனே?" என்று கேட்டாள். "இல்லம்மா, நாங்க வேற வேற பிரிவு" என்றான் விஜிதரன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. வருவாள், அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்ப்பாள், போவாள். அவள் வந்துபோன நாட்களில் அவனுக்குச் சோறு இறங்காது.

"அந்த மனிசிட கருவாட்டை இவ்வளவு காலமும் திண்டிருக்கமே!" தனுஷியா கத்தினாள். "அந்தப் பொடியன் கேட்டது ஒண்டே ஒண்டு. அம்மாட்டச் சொல்லச் சொன்னான். அதைச் சொல்லாம, இஞ்ச இலையைப் போட்டு இறாலை வச்சா அவனுக்குக் காணுமா? நீங்க மனிசனா?"

"முதல் நாளே சொல்லத்தான் இரிந்தன் தனு" என்றான் அவன். "அவ எண்ட முகத்தைப் பிடிச்சு, 'செத்தவன் நீயே வந்திட்டாய், எண்ட புள்ள வரமாட்டானா' எண்டு கேட்டா. நான் அதுக்குள்ள என்னத்தச் சொல்ல?"

தனுஷியா றுமைஸாவைப் பார்த்தாள். மடியில் வைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவியை அந்தப் பிள்ளை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது. மனநல உதவிக்கு ஆள் ஒழுங்கு செய்து தரலாம் என்றது. இதை நான் யாரிடமும் சொல்லமுடியாது, சொல்லுகிறதும் சொல்லாததும் உங்கள் கையில் என்றது.

"கேள்வியக் கேட்டுப்போட்டு இப்ப எங்கட கையிலயா?" என்றாள் தனுஷியா.

"சொன்னா நல்லதெண்டு எனக்கும் அடிச்சுச் சொல்லேலா அக்கா" என்றாள் றுமைஸா. அந்த நேர்மைக்காகவே தனுஷியாவுக்கு அவள்மேல் இருந்த கோபம் பாதி இறங்கியது.

ஆனால் தனுஷியாவுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கணக்கு நேராக இருந்தது. திவசத்தன்று கண்ணகையை வரவழைக்க வேண்டும். சொல்ல வேண்டும். பெற்றவள் அழட்டும், அழுதாலாவது முடியும். பிறகு அவளே பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும். நிதுர்ஷன் தன் பேரில் தன் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். விஜிதரன் தன் பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டு உயிரோடு இருக்கட்டும். யாருக்கு இதில் என்ன நட்டம்?

அன்றிலிருந்து பாயில் இருந்த அந்த வெற்றிடத்தைப் பார்க்க அவளுக்குப் பயம் வரவில்லை, வேறொன்று வந்தது. பேய் என்று நினைத்துக் காலை மடக்கிக்கொண்டிருந்த இடத்தில் பசியோடு ஒரு பிள்ளை இருந்திருக்கிறான். ஒருநாள் அவள் தன்னையறியாமல் அந்தப் பக்கம் கறிச்சட்டியை நகர்த்திவைத்துவிட்டு, பிறகு சட்டென்று இழுத்து எடுத்துவிட்டாள்.

திவசத்தன்று மகள் குருக்கள்மடம் போய்விட்டாள். தனுஷியா விடிந்ததும் முழுகிச் சமைத்தாள். கண்ணகை வெயில் ஏற முதல் வந்தாள், வழக்கம்போல் கருவாட்டுப் பை. "என்ன புள்ள, வரச்சொல்லி ஆள் விட்டாய், புள்ளைக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். விளக்கையும் விரித்த இலையையும் கண்டு நின்றாள். விஜிதரனின் திவசக் கூத்து ஊரறிந்ததுதானே, அவளுக்கும் தெரியும். "இந்த வேலைய இன்னும் விடல்லயா மனே நீ?" என்றாள்.

விஜிதரன் அவளுடைய காலடியில் முழந்தாளிட்டான். மாமரத்தடியில் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். தகடு அறுந்தது, பிள்ளை அழுதது, தன் தகட்டைப் போட்டுவிட்டது, அடுத்த நாள், கை. வேற வேற பிரிவு என்று சொன்ன பொய். சொல்லி முடித்துவிட்டு நிமிராமல் இருந்தான். தனுஷியா கண்ணகையைத் தாங்கிப்பிடிக்கத் தயாராகப் பின்னால் நின்றாள்.

கண்ணகை விழவில்லை.

"நீ கண்டியா?" என்றாள்.

"கண்டன் அம்மா. கண்ணால கண்டன்."

"முகம்?"

அவன் அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

"முகம் இல்ல, என்ன? உண்ட மனிசிக்கும் ஒருத்தன் இந்தக் கடப்படியில நிண்டுதானே சொன்னவன், கண்ணால கண்டன், முகம் இல்ல எண்டு?"

"அவன் தகட்டைத்தான் கண்டவன் அம்மா. நான் ஆளைக் கண்டன். கையைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தன்."

"கையெல்லாம் ஒரே மாதிரித்தான் இரிக்கும் மனே. புகைக்குள்ள, புழுதிக்குள்ள, நீ ஆரிட கையைப் பிடிச்சியோ." கண்ணகையின் குரலில் கோபமே இல்லை, பனியில் நனைந்து வந்த பிள்ளையிடம் பேசுகிற மாதிரிப் பேசினாள். பிறகு தனுஷியாவின் பக்கம் திரும்பினாள். "உனக்குச் சொன்னாங்க, நீ நம்பினாய். தாலியக் கழட்டினாய், எட்டுச் செய்தாய். இந்தா, கண்ணுக்கு முன்னால இரிக்கான். நீ அவசரப்பட்டுட்டாய் புள்ள. நான் அவசரப்படமாட்டன்."

தனுஷியாவின் நெஞ்சில் அது எங்கே போய்க் குத்தியது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அழுது முடித்துவிட்டேன் என்று அவள் நினைத்திருந்த வருடங்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லில் எழும்பி வந்தன. எட்டாம் நாள் தாலியை அவிழ்த்துத் தாயின் கையில் கொடுக்கும்போது அவன் எங்கோ ஒரு முகாமில் உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அதைச் சொல்லி அவன் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. சொல்ல வேறொருத்தி வேண்டியிருந்தது.

"பஸ் போயிரும், நான் வாறன்" என்று கண்ணகை படியிறங்கினாள். கருவாட்டுப் பையை மறக்காமல் வைத்துவிட்டுத்தான் போனாள்.

இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. தனுஷியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நம்பாவிட்டால் போகட்டும், உண்மை உண்மைதானே. "கூப்பிடுங்க" என்றாள் புருசனிடம். "அவண்ட பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. இண்டைக்காவது அவண்ட பேரில திங்கட்டும்."

விஜிதரன் கைகூப்பினான். "நிதுர்ஷன்" என்றான். அந்த வீட்டில் அந்தப் பேர் படையலுக்கு விழுந்தது அதுதான் முதல் தரம். கரகரத்துப்போய், ஆனால் உரத்து வந்தது.

கடப்படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த கண்ணகைக்கு அது கேட்டது. ஒரு செருப்போடு ஓடிவந்தாள். அந்த வயதில் அப்படி ஓடுவாள் என்று யார் நினைத்தது? கொண்டை அவிழ்ந்து தோளில் விழ, வாசற்படியைத் தாண்டி வந்து, விஜிதரனின் வாயை இரண்டு கையாலும் பொத்தினாள்.

"கூப்பிடாதடா! உசிரோட இரிக்கிற புள்ளட பேரைப் படையலுக்குக் கூப்பிடுறியா? நீ கூப்பிட்டா அவன் எப்பிடிடா வருவான்? செத்தெல்லோ வரோணும்!"

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது அவளுக்கு. அழுகை என்று அதைச் சொல்வதா, அலறல் என்று சொல்வதா தெரியவில்லை. அக்கம்பக்கத்து வளவுகளில் ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். வாயைப் பொத்திய கையை எடுக்காமலே, "விளக்கில அடிச்சுச் சத்தியம் பண்ணு, எண்ட புள்ளட பேரைச் சொல்லமாட்டனெண்டு சத்தியம் பண்ணு" என்று அவனை உலுக்கினாள். அவன் விளக்கைத் தொட்டுத் தலையை ஆட்டினான். பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. படையல் முடியும்வரைக்கும் போகமாட்டேன் என்று வாசற்படியில் குறுக்காக இருந்துவிட்டாள். பஸ் போனால் போகட்டும், பிள்ளையைக் காவல் காக்கிற மாதிரி இருந்தாள்.

கற்பூரம் எரிந்து முடிந்தது. தனுஷியா இன்னொரு கட்டி எடுத்து ஏற்றினாள். பேர் சொல்லாமல் வைத்தால் அந்தச் சோறு நிதுர்ஷனுக்குப் போகாது. அவன் பேரைச் சொன்னால் பெற்றவளைக் கொன்ற மாதிரி. விஜிதரன் கைகூப்பியபடி குனிந்து நின்றான். தன் பேரைச் சொல்லவும் இன்று அவனுக்கு வாய் வரவில்லை, பெண்சாதி வேண்டாமென்று சொன்னது நினைவில் இருந்திருக்கும். அப்படிப்பட்ட மனிதன் அவன். அவனைத் தனுஷியா பார்த்தாள். நரைத்த தாடி, செல் துண்டு கிடக்கிற தொடை, நிலத்தில் படுகிற இரண்டு கால். அவன் பக்கத்தில் விட்டிருந்த இடத்தையும் பார்த்தாள். இரண்டு பேரும் காத்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது அவளுக்கு. அந்தப் பிள்ளை கழுத்தில் மாட்டிக்கொண்டு போனதும் இந்த மனிதனுடைய தகட்டைத்தானே.

"விஜிதரன்" என்று கூப்பிட்டாள்.

கண்ணீர் தாரை தாரையாக வந்தது, துடைக்கவில்லை. கட்டின புருசன் பக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம் காதில் விழ, திரும்பவும் கூப்பிட்டாள். வாசற்படியில் இருந்தவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். தன் பிள்ளையின் பேர் இல்லை என்று தெரிந்ததும் மூச்சை விட்டு, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டாள். "விஜிதரன், வாங்க, வந்து எடுத்துக்கங்க" என்று மூன்றாம் தரமும் கூப்பிட்டுவிட்டு, தனுஷியா பானையிலிருந்து இன்னும் இரண்டு அகப்பை சோறு அள்ளி இலையில் வைத்தாள். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தக் கொஞ்சச் சோறு எப்படிக் காணும்?